உள்வாய்

யானை பார்த்தீர்களா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பார்த்தேன். தேக்கடி ஏரியின் எதிர்க்கரையில் சில பெண் யானைகள், நடுவே ஒரு குட்டி. புல்லைக் காலால் எற்றிப் பிடுங்கி, மண்ணை உதறி, வாயில் திணித்துக்கொண்டிருந்தன. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. ஆவணப்படங்களில் இதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. என்னை இன்றுவரை அரித்துக்கொண்டிருப்பது அவை நின்ற தரை. காடு ஓர் இடத்தில் நூல் பிடித்தாற்போல் முடிந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே உயிருள்ள மரம் ஒன்றுகூட இல்லை, புதர் இல்லை. முதலில் சரிவான பசும்புல், அதற்குக் கீழே வெளிறிய செம்மண், அதற்கும் கீழே வெடிப்பு விட்ட சேறு, பிறகுதான் தண்ணீர். சேற்றின்மேல் கிடைமட்டமாக வரிவரியாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் சில நாள் நின்று, பிறகு இறங்கிப் போயிருக்கிறது தண்ணீர். ஏரியின் எந்த மூலைக்குப் போனாலும் இந்தப் பட்டை கூடவே வருகிறது. படம் எடுப்பவர்கள் அதை ஒதுக்கிவிட்டு மலையையும் நீரையும் மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். முடியாது, எப்படியும் ஓர் ஓரத்தில் வந்து விழும். முன்பின் வந்திராத இடத்தின் சுவரில் தன் வீட்டுக்காரர்களின் கையெழுத்தைப் பார்த்துவிட்டவனைப் போல, அந்தப் பட்டையைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்களுக்கு இந்த ஏரி கண்ணால் பார்க்கும் பொருளாக இருந்ததே இல்லை. அது ஓர் எண். காலையில் பேப்பர் வந்ததும் சித்தப்பா முதலில் திருப்புவது அணை நிலவரம் போடும் மூலையைத்தான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி, இருப்பு இத்தனை. அதைப் படித்த பிறகே கொலை, அரசியல், சாவு அறிவிப்பு. நூற்றிப் பன்னிரண்டு என்றால் அவர் காபி குடிக்கும் விதம் ஒன்று, நூற்றி இருபத்தைந்து என்றால் வேறு. ஜூன் முதல் தேதி தேக்கடித் தலைமதகைத் திறந்துவிட்டால் முதல் போகத்துக்கு நாற்றங்கால் பாவலாம். தள்ளிப்போனால் இரண்டாம் போகம் தள்ளாடும், சில ஆண்டுகளில் இல்லாமலே போகும். பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை 14,707 ஏக்கர் என்பதை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பையன்கூடத் தூக்கத்தில் சொல்வான். பெரியாற்று அணையின் உறுதியைப் பற்றி எழுந்த அச்சத்தால் 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது எங்கள் பக்கம் வெடி வெடித்தார்கள், தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். அந்த நவம்பரில் நீர் உண்மையாகவே அந்த அளவைத் தொட்டபோது மறுபடியும். நானும் லட்டு தின்றேன். அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும் வீடுகளில் வளர்ந்தவன், வேறு என்ன செய்வேன். பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பெயர் வைக்கப்பட்ட ஆட்கள் எங்கள் பக்கம் கடை வைத்திருக்கிறார்கள், டிராக்டர் ஓட்டுகிறார்கள். பணம் பற்றாமல் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதைக்கு ஆவணம் இருக்கிறதா என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏரி ஒரு மணி நேரத் தொலைவுதான். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் பேருந்து வளைந்து ஏறும்போது, மேலேயிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும். சிறு வயதில் எனக்குப் பெரியாறு என்றால் அந்தக் குழாய்தான். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியதில்லை. ஏலத்தோட்டத்து வேலைக்கு விடிகாலையில் ஜீப்பில் அடைத்துக்கொண்டு பெண்கள் மேலே போவார்கள், பொழுது சாய இறங்கிவிடுவார்கள். மாலை போட்டவர்கள் அந்த வழியாகச் சபரிமலைக்குப் போவார்கள். அம்மா அந்தக் காட்டுக்குள் கால் வைத்தது ஒரு சித்திரா பௌர்ணமிக்கு. ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும் வழிவிடும் மங்கலதேவிக் கோட்டத்துக்கு, இரண்டு மாநிலத்துப் போலீசும் நிற்க, ஜீப்பில் குலுங்கிப் போய்க் கண்ணகியைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். ஏரி தெரிந்ததா என்று கேட்டேன். "தூரத்துல தண்ணி தெரிஞ்சுச்சு. நம்ம தண்ணியாத்தான் இருக்கும்" என்றாள். ஏரியைப் பார்ப்பதற்காகவே ஏரிக்குப் போவது வெளியூர்க்காரர்கள் செய்கிற காரியம். நான் போனதும் அப்படி வந்த ஒரு நண்பரின் குடும்பத்துக்குத் துணையாகத்தான். அவர்கள் படகில் போக, படகுக்கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு, காலை நடைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த நடைக்குத் தனியாக விடமாட்டார்கள். நாலைந்து பேருக்கு ஒரு வழிகாட்டி. முழங்கால்வரை ஏறும் தடித்த துணிக் காலுறையைக் கொடுத்து, அதன்மேல் அட்டைக்கு மூக்குப்பொடி தூவுகிறார்கள். தும்மிக்கொண்டேதான் காட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. முதலில் ஏரியின் ஒரு கிளையை மூங்கில் தெப்பத்தில் கடக்கிறோம். இரு கரைக்கும் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போக, காலடியில் மூங்கில்களுக்கு இடையே தண்ணீர் பிதுங்கி மேலே வந்து வந்து மறைகிறது. அக்கரையில் ஏறிப் பத்து நிமிடம் நடந்ததும் படகுத்துறையின் ஒலிபெருக்கி காதிலிருந்து கழன்றுவிடுகிறது. பட்டை உரிந்து வழவழவென்று நிற்கும் வெண்தேக்குகள். மிதிபட்ட போதைப்புல்லின் எலுமிச்சை வாசனை. அதைத் தாண்டினால் யானை லத்தியின் புளித்த வாடை. கருமந்தி ஒன்று எங்கோ உச்சியில் அடிவயிற்றிலிருந்து உம் கொட்டியது, அதற்கு இன்னொரு மலையிலிருந்து பதில் வந்தது. ஒரு மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே நகக்கீறல்கள். புலி என்றார் வழிகாட்டி, பழையது என்று சேர்த்துக்கொண்டார். மன்னான் இனத்தவர், அறுபதை நெருங்குகிற வயது, காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு. எங்கள் பேச்சுக்கு வெகு அருகில் இருக்கும் ஒரு தமிழ் பேசினார், இடையிடையே மலையாளம். தங்கள் முன்னோர் பாண்டியரோடு மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றார். நான் மதுரைப் பக்கம்தான், கம்பம் என்றேன். சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் கீழே குனிந்து என் காலுறையில் ஏறிக்கொண்டிருந்த அட்டையைச் சுண்டிவிட்டார்.

இந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதெல்லாம் அதைக் குறை சொல்வதுபோல் ஒலிக்கலாம். நடக்க நடக்க, இந்த அமைதி தானாக இருப்பதில்லை, தினமும் பலர் வேலை செய்து உண்டாக்குவது என்று பட்டது. எத்தனை பேரை விடுவது, எவ்வளவு குரலில் பேசுவது, என்ன நிறத்தில் உடுத்துவது என்று அதற்கு விதி இருக்கிறது, சீட்டு இருக்கிறது. காட்டுக்குள் இருந்த மன்னான்களும் பளியர்களும் விளிம்புக்குக் கொண்டுவரப்பட்டு மன்னாக்குடி, பளியக்குடி என்று குமுளியை ஒட்டிக் குடியிருக்கிறார்கள். காட்டிலவங்கத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துத் தலைச்சுமையாக எங்கள் பள்ளத்தாக்குச் சந்தைக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, கத்தியை வைத்துவிட்டு, அதே தடங்களில் பயணிகளைக் கூட்டிப்போகிற வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். பிழைப்பு மாறியதே தவிர அவர்கள் நடந்த தடம் மாறவில்லை. குடும்பப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து கூலி வாங்காமல் சந்தன மரங்களுக்காகக் காட்டைச் சுற்றி வருகிறார்கள். வசந்தசேனை என்று அதற்குப் பெயர். இந்தியாவில் காட்டைக் காப்பதற்கு நல்ல முன்மாதிரி என்று பெரியாற்றைக் காட்டுவார்கள், நியாயமாகவே. அந்த உடன்பாட்டை நான் கொச்சைப்படுத்த மாட்டேன்; துப்பாக்கியால் காத்த காடுகள் எப்படி ஆயின என்பது தெரிந்ததுதானே. ஆனாலும் நடையின் நடுவில், வழிகாட்டி ஒரு மரத்தின் அடியில் பழைய வெட்டுத் தழும்பை விரலால் தடவி, இது பட்டை எடுத்த மரம் என்று சொன்னபோது, அவர் குரலில் பெருமையா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கிடந்த பட்டைத் துண்டுகள் எந்தச் சந்தையில் வாங்கியவை என்று அம்மாவிடம் இதுவரை கேட்டதில்லை.

இதை எழுதும்போது கை தானாக ஒரு சுலபமான இடத்துக்கு ஓடப் பார்க்கிறது. இந்த ஏரி இயற்கையானதல்ல. 1886இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலத்தில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டி 1895இல் திறக்கப்பட்ட அணைக்குப் பின்னால் மூழ்கிய பள்ளத்தாக்கு. அதை இயற்கைப் பூங்கா என்று சீட்டுப் போட்டு விற்பது வேடிக்கை இல்லையா, என்று. இல்லை. ஊட்டி ஏரி கட்டியது, கொடைக்கானல் ஏரி கட்டியது, பேரிஜம் கட்டியது. நம் மலைகளில் பயணிகள் அண்ணாந்து பெருமூச்சு விடும் ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கோ ஒரு கரை போட்டிருக்கிறது. கரை போட்டதால் மீன்கொத்தி வராமல் இருந்துவிடுவதில்லை. கண்மாய்க்கரையில் பிறந்தவனுக்கு, கட்டிய நீர்நிலை என்பது மட்டமான நீர்நிலை ஆகாது. கட்டாத நீர்நிலை என்றால் என்ன என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அணை திறந்து 39 ஆண்டுகள் கழித்து, 1934இல்தான், ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் வேட்டைவிலக்குக் காடாக அறிவித்தது. 1978இல் புலிகள் காப்பகம். அதாவது முதலில் நெல்லுக்காக ஏரி வந்தது, ஏரிக்காக விலங்குகள் வந்தன, விலங்குகளுக்காகக் காடு காக்கப்பட்டது, காட்டுக்காக நாங்கள் தும்மிக்கொண்டு நடக்கிறோம். கட்டி முடிப்பதற்குள் மலேரியாவிலும் மற்ற காய்ச்சல்களிலும் செத்தவர்கள் அங்கேயே புதைந்திருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலானோர் கீழேயிருந்து கூலிக்கு ஏறியவர்கள். இந்தத் தொடர் எனக்கு வெட்கமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. ஏரிக்கரையின் அந்தப் பட்டைதான் தொந்தரவு செய்கிறது.

எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா ஊர் கீழே, மேலூர்ப் பக்கம். வைகைக்கு வந்து சேரும் பெரியாற்றுத் தண்ணீரைக் கடைசியில் குடிக்கும் ஊர்களில் ஒன்று. அங்கே கண்மாய் உண்டு. தை கழிந்து மடை திறந்து திறந்து தண்ணீர் குறைய ஆரம்பித்தால், கண்மாய்க்குள் ஒரு பெரிய பச்சை வெளி எழுந்து வரும். உள்வாய் என்பார்கள். ஆடு மாடு முதலில் இறங்கும். ஈரம் இருக்கும் இடத்தில் யாராவது வெள்ளரி போட்டுவிடுவார்கள், அதை யார் போட்டது என்று சண்டை வரும். முட்டளவு தண்ணீர் ஆனதும் ஊரே கச்சாவையும் ஊத்தாவையும் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்க இறங்கும். மீன்பாசி ஏலம் எடுத்தவன் கரையில் நின்று கத்துவான். கொக்கு ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம். தண்ணீர் திறக்கும் நீர்பாய்ச்சி அந்த ஊர்க்காரர். மதகின் மேல் நின்று அவர் திறந்தால், உள்வாயில் எவ்வளவு நிலம் வெளியே வரும், எந்தக் குழியில் மீன் தங்கும், யாருடைய மாடு எங்கே சேற்றில் சிக்கும் என்பது அவர் கண்முன்னாலேயே நடக்கும். அதிகமாகத் திறந்துவிட்டால் அன்று மாலையே யாராவது வீட்டு வாசலுக்கு வந்து பேசுவார்கள், கையை ஓங்கவும் கூடும். சாதி இருந்தது, பங்கீட்டில் அநியாயம் இருந்தது. உள்வாயைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. கடைமடைக்காரன் எப்போதும் ஏமாந்தவன்தான். ஆனால் மதகைத் தொடும் கையும் உள்வாயைப் பார்க்கும் கண்ணும் ஒரே ஊரில் இருந்தன. ஒன்று செய்ததை மற்றது பார்த்தது.

தேக்கடியில் இவை இரண்டையும் மலை பிரித்துவிட்டது. தண்ணீர் திறப்பதை முடிவு செய்பவர்களும் திறக்கச் சொல்லிக் கேட்பவர்களும் கிழக்கே, மலைக்குக் கீழே இருக்கிறோம். திறப்பதால் வெளியே வரும் நிலம் மேற்கே, இன்னொரு மாநிலத்தின் காட்டுக்குள் இருக்கிறது. 104 அடிக்குக் கீழே தண்ணீரை எங்கள் பக்கம் எடுக்க முடியாது. ஆகவே 104க்கும் 142க்கும் நடுவில் கிடக்கும் அந்தச் சரிவுதான் ஏரியின் உள்வாய். தென்மேற்குப் பருவத்தில் நிறையத் தொடங்கி, கார்த்திகை வாக்கில் காட்டின் காலைத் தொட்டு, பங்குனி சித்திரையில் அகலமாக விரிந்துவிடும். காட்டுக்குள் புல் காய்ந்து முற்றிப்போகும் அந்த மாதங்களில் இங்கே மட்டும் இளம்புல் முளைக்கிறது, ஈரம் அப்போதுதான் விலகியதால். அதைத் தேடித்தான் யானை வருகிறது, காட்டெருமை வருகிறது, மிளா வருகிறது. மிளாவைத் தேடிச் செந்நாய். அப்போது பயணிகளும் வருகிறார்கள். மெதுவாக எண்ணிப்பார்த்தால் ஒரு விசித்திரமான கணக்கு வருகிறது: சித்தப்பாவின் வயலில் பாய்ந்த தண்ணீரின் அளவுக்கு இங்கே மேய்ச்சல் நிலம் பிறந்திருக்கிறது. நாங்கள் குடித்துக் காலியாக்கிய இடத்தில் நின்றுதான் அந்தக் குட்டி புல் பிடுங்கப் பழகிக்கொண்டிருந்தது.

அப்படியானால் நல்லதுதானே என்று முதலில் தோன்றியது. விவசாயி எடுக்க எடுக்க யானைக்குப் புல். இதைப் பள்ளிப் பாடத்தில்கூடப் போடலாம் போல அழகாக இருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. 136க்கு மேலே நீரைத் தேக்கினால் இந்தப் புல்வெளியில் ஒரு பகுதி ஆண்டில் கூடுதல் நாள் மூழ்கிக் கிடக்கும், விலங்குகளுக்குக் கேடு என்பது வழக்கு நடந்த காலத்தில் கேரளத்தின் பக்கமிருந்து வந்த வாதங்களில் ஒன்று. நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். தண்ணீர் தராமலிருக்க யானையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னது எங்கள் தெருவில் வெகுநாள் ஓடியது. அவர்கள் உள்ளபடியே யானைக்காகத்தான் பேசினார்களா என்ற சந்தேகம் எனக்கு இப்போதும் உண்டு. அணை உடைந்துவிடும் என்ற அவர்களுடைய பயத்தைத் தவிர மற்ற வாதங்கள் எல்லாம் கூட வந்த ஊர்வலம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வாதம் வைத்தவருடைய நோக்கம் என்னவாக இருந்தாலும், புல் மூழ்குவது மூழ்குவதுதான். அடி என்ற அளவை நாங்கள் எப்போதும் உயரமாகவே புரிந்துகொண்டிருந்தோம். இந்தக் கரையில் சரிவு எவ்வளவு சாய்வு என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, நின்றநிலையில் ஓர் அடி என்பது படுத்தநிலையில் எத்தனை அடிப் புல் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதே நேரம், ஒரு போகம் தவறிய ஆண்டில் எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டு நகை அடகுக்குப் போனது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் ஆள் நானில்லை. யாராக இருந்தாலும், அந்த ஆள் இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று மட்டும் படுகிறது. எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்த்தவர்கள் அதிகாரிகள்தான். அவர்கள் அளவுகோலைப் பார்க்கப் போனவர்கள்.

பார்ப்பதே பெரிய யோக்கியதை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மேய்ந்துகொண்டிருந்த விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. படகின் குறைகளும் பேசப்பட்டன. அந்தச் செய்தி வந்த மறுநாளும் சித்தப்பா அதே மூலையைத்தான் முதலில் புரட்டினார். அதைக் கல்மனசு என்று சொல்லமாட்டேன். அவருடைய ஏரியில் படகே கிடையாது. அந்தப் படகில் இருந்தவர்களுக்கோ அது தண்ணீரும் விலங்கும் உள்ள ஒரு காட்சி, அதில் மதகு கிடையாது. நானோ அன்று இரண்டுமாக நடந்துகொண்டிருந்தேன், அதாவது இரண்டுமாக இல்லாமல். வழிகாட்டி ஒவ்வொரு பறவையாகக் காட்டக் காட்ட நான் தலையாட்டினேன். என் கண் சேற்றில் உள்ள கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு கோடு ஒரு முறைப்பாசனமாக இருக்குமோ. அந்தத் தடித்த கோடு, அணையில் தண்ணீர் நின்றும் திறக்காமல் இழுத்தடித்து எங்கள் ஆட்கள் மறியல் செய்த வாரமாக இருக்குமோ.

திரும்பும்போது தெப்பத்துக்குப் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீரில் ஆங்காங்கே மரமொட்டைகள் நிற்கின்றன, 1895க்கு முன் இங்கே காடாக இருந்தவை. நீருக்குள் இருக்கும் பகுதி மட்காமல் கல்லாக இறுகி, வெளியே நிற்கும் நுனி மட்டும் வெயிலில் சாம்பல் பூத்திருக்கிறது. ஒரு மொட்டையில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயப் போட்டிருந்தது. அதற்குக் கீழே எச்சம் வெள்ளையடித்திருந்தது. இங்கே மன்னான்களுக்கு மீன்பிடிக்கும் உரிமை உண்டு. வலையில் விழுவது பெரும்பாலும் திலேப்பியாவும் கெண்டையும், வெளியே இருந்து கொண்டுவந்து விட்டவை. பெரியாற்றைத் தவிர உலகில் எங்குமில்லாத மீன்கள் சில மேலே ஓடைகளில் ஒதுங்கிப் பிழைக்கின்றன. ஏரி அவற்றுக்கு உதவவில்லை. ஓடும் தண்ணீரின் மீன்கள் அவை. வழிகாட்டியும் மீன் பிடிப்பவர்தான், காட்டு வேலை முறை வராத நாட்களில். நான் கம்பத்துப் பக்கம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்திருக்க வேண்டும்.

"உங்க பக்கம் எப்ப சார் திறக்குறாங்க?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பிறகு, கேட்டுச் சொல்கிறேன் என்று சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். சிக்னல் படகுத்துறைப் பக்கமிருந்து விட்டுவிட்டு வந்தது. ஏரிக்கரையில் நிற்கிறேன், இன்றைக்கு நீர்மட்டம் எவ்வளவு என்றேன். அவர் சிரித்தார். "ஏப்பா, தண்ணிகிட்ட நிக்கிறவன் நீ. நாத்தங்கால் வரப்புல நிக்கிற என்னையக் கேக்குற?" என்றார். ஆனாலும் சொன்னார்: நூத்திப் பதினெட்டு, தசமம் எல்லாம் சேர்த்து. மேலே மழை பிடித்தால் ஜூன் ஒன்றாம் தேதி திறந்துவிடுவார்கள், பிடிக்காவிட்டால் கேட்டுப் போக வேண்டியிருக்கும், கலெக்டர் ஆபீசுக்குப் போவது பற்றிக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே மழை மேகம் இருக்கிறதா என்று கேட்டார். பார்த்தேன், தெற்கே கொஞ்சம் இருந்தது. சொன்னேன்.

நூற்றிப் பதினெட்டு என்றதும் வழிகாட்டி பாம்புத்தாரா இருந்த மொட்டையைப் பார்த்தார், பிறகு அதற்கு அப்பால் தண்ணீருக்கு மேலே இரண்டு விரற்கடை மட்டும் தலைகாட்டிய இன்னொன்றை. "சரிதான். அது தெரிய ஆரம்பிச்சா நூத்திப் பதினெட்டு, பத்தொம்பது" என்றார். அந்த எண்ணை அதுவரை அவர் எங்கும் படித்ததில்லையாம். வாட்சர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு மொட்டைகளோடு பொருத்தி வைத்திருக்கிறார். திறந்துவிட்டால் தண்ணீர் ஒரே இரவில் கரையை விட்டுத் தள்ளிப் போய்விடும் என்றும், ஓரத்தில் கட்டிய வலை காலையில் சேற்றில் கிடக்கும் என்றும், தெப்பமும் உட்கார்ந்துவிடும், நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் நகராது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"திறக்குறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சார். வலையைத் தூக்கி உள்ள போட்டுக்குவோம்."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டே, "உங்க ஊர்க்காரங்கதானே" என்றார்.